கந்தான் பூவுக்கு நான் வைத்த பெயர்

சொற்களுக்குப் பூர்வீகம் விசாரிப்பது என் பழைய வியாதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாலு பேர் சேர்ந்து தேநீர் குடித்தால், ஒருவராவது என்னைக் கிளறிவிடுவார். அங்கிருக்கும் சந்தைக்குத் தேக்கா என்ற பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்ததா என்பார். இல்லை, சீனர் பேச்சில் மூங்கில் புதரின் அடி என்று பொருள் என்று நான் ஆரம்பித்தால் தேநீர் ஆறிப்போகும். தெரிந்ததைச் சொல்கிறவரை இந்த வியாதியால் யாருக்கும் கெடுதல் இல்லை. தெரியாதபோதும் எனக்கு வாய் நிற்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், எழுதும்போதே காது சுடுகிறது.

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, குடியிருப்பவர்கள் சேர்ந்து வளர்க்கும் சிறிய தோட்டம் ஒன்று உண்டு. செடிகளுக்கு நான்கு மொழிகளில் பெயர்ப்பலகை வைக்கலாம் என்று முடிவானது. மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால் தமிழ் என் தலையில் விழுந்தது. தோட்டக் குழுவின் செயலாளரான சீனப் பெண்மணி வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். கறிவேப்பிலை, துளசி, சங்குப்பூ எல்லாம் ஐந்து நிமிட வேலை. நித்தியகல்யாணிக்கு எங்கள் பக்கத்தில் சுடுகாட்டுப் பூ என்றும் பெயர். காலையில் நடக்க வருகிறவர்களை எதற்குச் சுடுகாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மங்களமான பெயரை மட்டும் எழுதினேன். சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டானைப் பாண்டான் என்றே விட்டுவிட்டேன்.

பதினான்காவது செடியில் மாட்டிக்கொண்டேன். மலாய்க்காரர்கள் புங்கா கந்தான் என்பார்கள். இஞ்சி வகை, ஆளுயரத்துக்கு மேல் வளரும். தரையிலிருந்து தனித்தண்டு கிளம்பி, நுனியில் இளஞ்சிவப்பு மொக்கு நிற்கும். அதைப் பொடியாக நறுக்கி, ரொஜாக் என்ற காய்கனிக் கலவையிலும் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பிலும் போடுவார்கள். என்னிடமிருந்த அகராதிகளில் பெயர் இல்லை. சென்னையில் இருக்கும் நண்பருக்குப் படம் அனுப்பினேன். "பூ ரொம்ப அழகு" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். பட்டியலில் மற்ற மூன்று மொழிகளும் நிரம்பியிருக்க, தமிழுக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. செயலாளர் இரண்டு முறை நினைவூட்டினார். மலாய்ப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கலாம், யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தமிழில் இல்லை என்று என் கையால் எப்படி எழுதுவது என்று ஒரு வீம்பு. அந்த மொக்கைப் பார்த்தால் கும்பிடுகிற கை மாதிரி இருந்தது. 'கைகூப்பிப் பூ' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இதுவரை நடந்ததற்கு மன்னிப்பு உண்டு. பெயர் இல்லாத ஒன்றுக்கு யாரோ ஒருவர் பெயர் வைக்கத்தானே வேண்டும்?

பலகை வைத்த அன்று மாலை, நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. தோட்டத்தில் அதிகம் பாடுபடுகிறவர் அவர்தான்.

"இந்தப் பேரை நான் கேட்டதே இல்லையே சார்?" என்றார்.

நானே வைத்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை வந்தது. கப்பலில் வந்து மலாயாக் காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் ஆட்கள், கோயில் இல்லாத இடத்தில் இந்த மொக்கைப் பார்த்தார்கள், காடே கும்பிடுகிறது என்று நினைத்தார்கள், அதனால் இந்தப் பெயர், தோட்டங்களில் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவும் ஜோகூர்ல எஸ்டேட்ல பால்மரம் வெட்டினவருதான் சார்."

அந்த நேரத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. நன்றாகச் சொன்னோம் என்ற பெருமைதான் வந்தது.

தோட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தபோது, தமிழில் விளக்குவதற்கு அந்தப் பெண்ணையே குழு தேர்ந்தெடுத்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், மைக்கைத் தொட்டதே இல்லை என்று பயந்தார். நான் ஒவ்வொரு செடிக்கும் நாலு வரி எழுதிக்கொடுத்தேன். லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். வங்கியில் வேலை செய்யும் மகள், அம்மா பேசுவதைப் படம்பிடிக்க விடுப்பே எடுத்தாள்.

புக்கிட் மேராவிலிருந்து முதியோர் குழு ஒன்று வந்தது, முப்பது பேர். அந்தப் பெண் அழகாகப் பேசினார். நான் கொடுத்த வரிகளில் இல்லாத சமையல் குறிப்பெல்லாம் தானாகச் சேர்த்தார். பதினான்காவது செடிக்கு வந்து கதையைச் சொல்லி முடித்ததும், தொப்பி போட்ட ஒருவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம்மா. நான் ஜோகூர்ல எஸ்டேட்லயே பொறந்து வளர்ந்தவன். நாங்க கந்தான் பூன்னுதான் சொல்வோம். இந்தப் பேரை உங்களுக்கு யாரு சொன்னா?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். குனிந்து, கறிவேப்பிலைச் செடியின் அடியில் கிடந்த சருகைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எங்கப்பா சொல்லுவாரு," என்ற அவர் குரல் கேட்டது. "அவரும் எஸ்டேட்டுதான்."

"எந்த எஸ்டேட்டு?"

அவர் சொன்னார்.

"அதுக்குப் பக்கத்து எஸ்டேட்டுதான் எங்களுது! சும்மா கதை விடாதீங்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, உல்லாசப் பயணம் வந்தவர்களின் சிரிப்பு. மகள் கைப்பேசியை இறக்கிவிட்டாள். அந்தப் பெண் மைக்கை என் கையில் கொடுத்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்" என்று போனவர் திரும்பவில்லை. மிச்சச் செடிகளை நான் விளக்கினேன், கணீரென்ற குரலில். கடைசியில் கைதட்டல் கூட வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் இதைவிடக் கேவலமானது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் தப்பித்தேன். லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்கும்போதெல்லாம் கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நாலாம் நாள் மாலை தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். நீங்க எழுதிக் கொடுத்ததை நான் கெடுத்துட்டேன். அந்த ஆளு கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்களை யாரும் தப்பா நினைச்சிடக் கூடாதேன்னு அப்பா சொன்னாருன்னு சொல்லிட்டேன். அவரு அப்படிச் சொன்னதே இல்ல. எந்தப் புக்குல இருக்குன்னு சொல்லுங்க, போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பிடலாம்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"புக்குல இல்லம்மா. அது நானா வச்ச பேரு."

"அந்தக் கதை?"

"அதுவும்."

அவர் குழாயை மூடினார்.

"அப்போ செத்துப்போன மனுஷனைச் சாட்சிக்கு இழுத்தேனே, அது உங்க பொய்க்கா சார்?"

"ஆமாம்மா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "எங்கப்பாவுக்குப் பொய் பேச வராது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அன்றைக்கே பலகையைப் பிடுங்கினேன். செயலாளரிடம் உண்மையைச் சொன்னேன். புதுப் பலகையில் தமிழிலும் கந்தான் பூ என்றே இருக்கிறது. பிறகு புக்கிட் மேரா குழுவின் பொறுப்பாளரைப் பிடித்து, தொப்பிக்காரரின் எண்ணை வாங்கிப் பேசினேன். பெயர் என் கற்பனை, அந்த அம்மாள் மேல் தவறில்லை, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நான் அதை அன்னிக்கே மறந்துட்டேன் சார். விடுங்க லா!"

பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. நேராக நாலாவது மாடிக்குப் போய் மணியடித்தேன். கம்பிக் கதவுக்கு அப்பால் அவர் வந்து நின்றார். அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று, பாராட்டை எதிர்பார்க்கும் பையன்போலச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்குச் சிரிச்சது அவரு ஒருத்தர் மட்டும் இல்லையே சார்," என்றார். "என் பொண்ணும் அதையெல்லாம் பார்த்துக்கிட்டுப் பக்கத்துலதானே நின்னா?"