பக்கவாட்டில் பார்க்கிறவர்

வலது கையில் நூறு வாட்ஸ் பல்பு, இடது கண் மூடியிருக்கிறது, கன்னம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. துளசிங்கம் இப்படி நின்றுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். பல்பை ஒரு சாண் நகர்த்துவார், நிறுத்துவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சுவரில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. அவருக்கு அது மேடு.

"நேரா பாத்தா எல்லா செவுரும் யோக்கியந்தான் சார். பக்கவாட்டுல லைட்ட வெச்சிப் பாரு. அப்பத்தான் அதோட லட்சணம் தெரியும்" என்பார். மேடுபள்ளத்தில் பட்டி மாவு வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் பூசுவதுதான் அவர் தொழில். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் அவர் கன்னம் படாத தெரு குறைவு.

வீடு கடப்பேரியில். ஐம்பதை நெருங்குகிற வயசு. புருவமும் காது மடல் முடியும் நரைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். குளித்துவிட்டு வந்தால் கருகருவென்று இருக்கும். எல்லாம் தேய்த்த தூசு. வேலை முடிந்ததும் மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார். தூசை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது பெயிண்டர்களின் வைத்தியம். அப்படியும் மார்கழியில் அவர் இருமுவது நாலு வீட்டுக்குக் கேட்கும்.

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள், இவர் புறங்கையால் மண்டபத்துச் சுவரைத் தடவிப் பார்ப்பார். "பட்டி சரியா பாக்கல. மேலாக்க அப்பிட்டுப் போய்ட்டானுங்க" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். "கல்யாணத்துக்கு வந்தியா, செவுரு பாக்க வந்தியா?" என்று அவர் மனைவி தனம் தலையில் அடித்துக்கொள்வாள். துக்க வீட்டிலும் இதே கதைதான். என்ன, அங்கே வாயைத் திறக்க மாட்டார். அந்த மட்டும் விவேகம் உண்டு.

செங்கல் சுவரே கதி என்று இருந்த துளசிங்கத்தைப் போர்டு சுவருக்குக் கூட்டிவந்தது குப்புராஜ். தொண்ணூறுகளில் பட்டணத்து ஆபீஸ்களில் ஜிப்சம் போர்டு மோகம் பிடித்தது. இன்றைக்கு ஹாலாக இருப்பது திங்கட்கிழமை நாலு அறையாக மாறியிருக்கும். அந்த வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன் குப்புராஜ். வயதில் துளசிங்கத்துக்குத் தம்பி மாதிரி. ஆனாலும் இவர் அவனை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார், அவன் இவரைத் "துளசி" என்பான்.

போர்டைப் பற்றிக் கேட்டால் துளசிங்கம் முதலில் உதட்டைப் பிதுக்குவார். "அத்த போய் செவுருன்றியே, அது அப்பளம் சார். மேல கீறதெல்லாம் பேப்பர் தோலு. முரட்டுத்தனமா தேச்சா தோலு கிழிஞ்சிடும்." பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலச் சொல்வார். இரண்டு போர்டு சேரும் இடத்தில் காகிதப் பட்டை ஒட்டி, அதன் மேல் பட்டியை மெல்லிசாக, அகலமாக, மூன்று தடவை இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காய விட வேண்டும். தேய்த்த தூசை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் பிரைமர். பிரைமர் விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் சலுகை தர மாட்டார்.

"பிரைமர் அட்ச்சாத்தான் எல்லா எடமும் ஒரே மாதிரி பெயிண்ட்ட வாங்கிக்கும். இல்லன்னா பட்டி போட்ட எடம் மட்டும் குட்ச்சிகினே இருக்கும். காஞ்சப்பறம் நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல லைட் அட்ச்சா அந்த எடம் மட்டும் வட்ட வட்டமா மங்கிக்கினு நிக்கும். செத்தாலும் போவாது." அவசரத்தில் பிரைமரைத் தாண்டிப் போன இரண்டு ஆட்களை அவர் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

குப்புராஜுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு. ஏதோ ஆபீஸ் வேலையில் மிஞ்சிய போர்டுகளைக் கொண்டுவந்து, பெரிய ஹாலை இரண்டாகத் தடுத்துப் படுக்கையறை ஆக்கிக்கொண்டான். அந்தத் தடுப்புச் சுவரை முடித்துக் கொடுத்தவர் துளசிங்கம். மினுமினுக்கிற எமல்ஷன் பெயிண்ட், இளம் நீலம். பல்பை வைத்து முழுசாகப் பார்த்துவிட்டு, ஒரு வட்டம்கூடப் போடாமல் பென்சிலைக் காதில் திருப்பிச் செருகினார். அன்றைக்கு அவர் வெல்லத்தைக்கூட மறந்துவிட்டார் என்று தனம் சொல்கிறாள்.

நாலைந்து மாதம் கழித்து குப்புராஜ் கூப்பிட்டான். "பீரோ நகத்தும்போது இடிச்சிக்கிச்சி துளசி. லைட்டா பாத்து உட்டுடு." போய்ப் பார்த்தார். சுவரில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், சுற்றிலும் காகிதத் தோல் கிழிந்திருந்தது. அடைத்தார், தேய்த்தார், பிரைமர் அடித்தார், பெயிண்ட் பூசினார், பல்பை வைத்துப் பார்த்தார். பள்ளம் இருந்த சுவடே இல்லை. அடுத்த முறை கட்டில் இடித்ததாகச் சொன்னான். அதற்கடுத்த முறை காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைக் கையால் காட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பீரோ இடித்தால் மூலை வெட்டும். கட்டில் இடித்தால் முழங்கால் உயரத்தில் இடிக்கும். இதெல்லாம் துளசிங்கத்துக்குத் தெரியாதா? எல்லாப் பள்ளமும் உருண்டையாக, எல்லாம் ஒரே உயரத்தில். குப்புராஜின் மனைவி புஷ்பம் டீ கொண்டுவந்து அந்தச் சுவர் ஓரமாக நின்றபோது, அவள் பின்தலை எந்த உயரத்துக்கு வருகிறது என்று அவர் கண் தானாக அளந்தது. மூன்றாவது பள்ளத்தில் கிழிந்த தோலுக்குள் நீளமாக ஒரு மயிரிழை சிக்கியிருந்தது. பட்டித் தகட்டின் முனையால் அதை எடுத்துத் தூசோடு தூசாகத் தட்டிவிட்டு, மேலே பட்டியை இழுத்தார்.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? குப்புராஜ் இல்லாவிட்டால் வேலை இல்லை. அது மட்டும் இல்லை. போன வருஷம் இருமல் முற்றி மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது, தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். தீபாவளிக்கு ஆட்கள் எல்லாருக்கும் வேட்டி எடுத்துக் கொடுக்கிறவன். அவனைக் கெட்டவன் என்று வேலைக்காரர்களில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். துளசிங்கமும் சொல்லிப் பழகவில்லை.

தனத்திடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "நீ இன்னா கேட்ட?" என்றாள்.

"நான் பெயிண்டரு. நான் இன்னா கேக்கறது?"

அதிலிருந்து அவர் ராஜகீழ்ப்பாக்கம் போய்வரும் நாளெல்லாம் தனம் ஒரே கேள்விதான் கேட்பாள். "நல்லா பூசிட்டியா?" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அந்த நாட்களில் வெல்லம் மடியிலேயே கிடக்கும்.

புஷ்பம் அதிகம் பேசுகிறவள் இல்லை. படப்பைப் பக்கத்துப் பெண், பிறந்த வீட்டில் நிலம் நீச்சு உண்டு. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருப்பாள், சர்க்கரை போதுமா என்று கேட்பாள், போய்விடுவாள். ஒருமுறை அவர் வேலையை முடித்துச் சாமானைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். சுவரை ஒருதரம் கையால் தடவிப் பார்த்தாள். "உங்க கை சுத்தம்ணா. நீங்க வந்துட்டுப் போனா ஒண்ணுமே நடக்கலன்னு எனக்கே தோணிடுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகவே சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவர் கையைப் புகழ்ந்திருக்கிறார்கள். இந்தப் பாராட்டுக்கு மட்டும் அவர் கழுவிய தகட்டையே திரும்பக் கழுவினார்.

இரண்டு தடவை அவள் படப்பைக்குப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் பின்னாலேயே குப்புராஜ் பழமும் இனிப்புமாகப் போனான். அவளுக்குத் தலைசுற்றல், தானாக விழுந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள், டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். அக்கா தலையைச் சுவரில் மோதினீர்களாமே என்று அவள் தம்பி துரைராஜ் கேட்டதற்கு, வந்து சுவரைப் பார் மச்சான் என்றான். கடைசியில் துரைராஜ் ஒரு முடிவு சொல்லிவிட்டான். வருகிறேன், கண்ணால் பார்க்கிறேன். உண்மை என்றால் அக்காவைக் கையோடு கூட்டிப்போகிறேன். ஒன்றும் இல்லை என்றால் இனிமேல் அழுதுகொண்டு படப்பைக்கு வரக்கூடாது.

இதையெல்லாம் துளசிங்கத்திடம் சொன்னது குப்புராஜேதான், ஏதோ வேடிக்கை போல. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த வாரம். "சனிக்கெழம மச்சான் வரான். செவுரு முழுசும் புதுசா அட்ச்சிடு. ஒண்ணுமே தெரியக்கூடாது துளசி. உன் கைல தான் கீது."

போய்ப் பார்த்தார். புதுப் பள்ளம் பழையவற்றைவிடப் பெரியது. உள்ளே மரச்சட்டம் தெரிந்தது. புஷ்பம் அன்றைக்கு டீ கொண்டுவரவில்லை, அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இவர் பள்ளத்தை அடைத்தார். ஈர நாளில் பட்டி காயவே இல்லை, விசிறி வைத்துக் காய வைத்தார். பிறகு தேய்க்க ஆரம்பித்தவர் புதுசோடு நிறுத்தவில்லை. பழைய இடங்கள் ஒவ்வொன்றும் அவர் கைக்குத் தெரியும். பெயிண்டையும் பிரைமரையும் தாண்டிப் பழைய பட்டி வெள்ளையாக வெளியே வரும்வரைக்கும் அந்த இடங்களை மட்டும் வட்டமாகத் தேய்த்தார். தூசை ஒற்றினார். பிரைமர் டப்பாவின் மூடியைத் திறந்தார். பிரஷை நனைக்காமலேயே மூடியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி மூடினார். நேராகப் பெயிண்டைத் தொட்டார்.

பயந்துதான் செய்தேன் என்று அவர் மறைக்காமல் சொல்கிறார். வேலை போகும், சோறு போகும், நன்றி கெட்டவன் என்ற பெயர் வரும். ஆனால் அது அரைத் தைரியம்தான், அதுவும் அவருக்குத் தெரியும். யாராவது தற்செயலாகப் பக்கவாட்டில் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும், தன் வாயால் எதுவும் வரவேண்டாம் என்ற கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கதவு நிலைக்குக் கடைசிப் பூச்சு முடித்துப் பல்பையும் ஒயரையும் சுருட்டிப் பையில் வைத்தபோது துரைராஜ் வந்துவிட்டான். மழையில் நனைந்த சட்டையோடு நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றான். டியூப்லைட் வெளிச்சத்தில் சுவர் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. குப்புராஜ் அவன் தோளில் கை போட்டான்.

"பாரு மச்சான். எங்க மோதினேன்? தட்டிப் பாரு. நான் கைய வெச்சிருந்தா இந்த அப்பளம் தாங்குமா?"

துரைராஜ் உற்றுப் பார்த்தான். தடவினான். அடுக்களை வாசலில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "எந்த எடம்க்கா? காட்டு."

புஷ்பம் சுவரைப் பார்த்தாள். எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. துரைராஜின் முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. அதைப் பார்க்கிறதுக்குக் கோபமே தேவலை என்று இருந்தது.

"மாமா சொல்றதுதான் சரியா இருக்குது" என்றான். "நல்ல டாக்டரா பாருங்க மாமா."

"துளசி கீறாரே, கேளு. இந்தச் செவுர பண்ணவரே அவருதான்" என்று குப்புராஜ் சிரித்தான். "இன்னா துளசி, செவுத்துல எதுனா கீதா?"

துளசிங்கம் பையை இறக்கி வைத்தார். ஒயரைப் பிரித்துப் பிளக்கில் செருகினார். ஹாலின் ஸ்விட்சைத் தட்டி டியூப்லைட்டை அணைத்தார். "இன்னாய்யா பண்ற?" என்று குப்புராஜின் குரல் இருட்டில் வந்தது. புஷ்பத்தின் தலை உயரத்துக்குப் பல்பைப் பிடித்துச் சுவரோடு சுவராக வைத்தார். ஒளி சுவரை உரசிக்கொண்டு ஓடி, பிரைமர் படாத இடங்களில் வட்ட வட்டமாக மங்கி நின்றது. பிறகு, முப்பது வருஷமாகத் தன் கன்னத்தைத் தவிர வேறு யார் கன்னத்தையும் வைக்கவிடாத அந்த இடத்திலிருந்து ஒரு அடி விலகி, துரைராஜின் பின்கழுத்தில் கை வைத்து, அவன் முகத்தைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டார்.