ஐம்பத்து மூன்றரை கிலோ ரோலி

ரோலி போய்விட்டார்.

காலையில் பூஜை முடித்துவிட்டுப் போனை எடுத்தால் லிசாவின் வாட்ஸப். "ஆத்தே, ரோலி நோ மோர்." கிட்னி ஃபெயிலியராம். இரண்டு வருடமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்...

இங்கே பாதிப் பேருக்கு ரோலியைத் தெரியாது. பிலிப்பைன்ஸ்காரர். ப்ரொஃபஷனல் பாக்ஸர். லிசா அவர் மனைவி. 2000-களில் அபுதாபியில் ஷேரிங் ஃப்ளாட்டில் எங்களுக்குப் பக்கத்து ரூம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிச்சன்.

அவர்கள் பேச்சில் அக்காவுக்கு 'ஆத்தே'. முதல் தடவை ரோலி அப்படிக் கூப்பிட்டபோது, எதையோ கொட்டிவிட்டார் என்று நினைத்துத் துணியோடு ஓடினேன்.

ஊரில் பத்து வருடம் ரிங்கில் நின்றவர். தாய்லாந்து, ஜப்பான் எல்லாம் போய் அடித்திருக்கிறார், அடி வாங்கியும் இருக்கிறார். ஜெயித்தால் பேப்பரில் ஒரு வரி. தோற்றால் அதுவும் கிடையாது. மகள் பிறந்த பிறகு, சூப்பர் மார்க்கெட் குடோனில் கார்ட்டன் தூக்க அபுதாபிக்கு வந்துவிட்டார்.

ஆனால் விட்டுவிடவில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் கிச்சன் வாசலில் ஸ்கிப்பிங். என் வீட்டுக்காரர் முசஃபாவில் ஒரு வெல்டிங் ஷாப்பில் ஃபோர்மேன். அவர் களைத்துப்போய் வந்து சத்தம் போடுவார். "ஏல ரோலி, கீழ் ஃப்ளாட்டுக்காரன் சண்டைக்கு வந்தா நீதாம்ல பேசணும்!"

"யெஸ் பாய்!" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார். கயிறு நிற்காது.

மூன்று வருடம் கழித்து ஒரு ஃபைட் வந்தது. துபாயில், ஒரு ஹோட்டலில். அதில் ஜெயித்தால் ஜப்பானில் பெரிய ஃபைட் தருவதாக ஏஜென்ட் சொல்லியிருந்தான். திரும்பவும் பாக்ஸர் ஆகிவிடலாம். "கார்ட்டன் கலாஸ், ஆத்தே!" என்றார். அங்கே 'கலாஸ்' என்றால் முடிந்தது.

ஃபைட்டுக்கு முந்தின நாள் எடை போடுவார்கள். ஐம்பத்து மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ரோலி அப்போது ஐம்பத்தெட்டு.

ஒரு நோட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "யூ ரைட், ஆத்தே. லிசா... சாஃப்ட் ஹார்ட். யூ... நோ மெர்சி."

நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எல்லாம் பேப்பரைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. ஆனால் கணக்கு எழுத உட்கார்ந்தால் கடுகளவும் விடமாட்டேன். காலையில் எடை, பிறகு அவர் சாப்பிட்டது ஒவ்வொன்றும். அரை ஆப்பிள் என்றால் அரை ஆப்பிள். "ஒரு வாய் சோறுதானே" என்று லிசா கெஞ்சினால் அந்த ஒரு வாயும் நோட்டில் ஏறும்.

நான் சஷ்டி விரதம் இருந்த நாளில் அவரும் வெறும் வயிறு. இரண்டு பேரும் கிச்சனில் உட்கார்ந்து முழுக்க முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம். நான் திருநெல்வேலிச் சொதியைச் சொன்னேன். அவர் தன் அம்மா வைக்கும் மீன் குழம்பைச் சொன்னார். விரத நாளில் காதில் விழக் கூடாத பேச்சு... இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடை போடுவதற்கு முந்தின சாயங்காலம். கிருத்திகை. எங்கள் மெஷினில் ஐம்பத்து மூன்று கிலோ நானூறு கிராம். ரோலி கிச்சனிலேயே ஆடினார்.

அவருக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் படைத்திருந்தேன். ஒரு கப் நிறைய எடுத்துக்கொண்டு போனேன்.

"காட்ஸ் ஃபுட்?"

"ஆமா. ஃபார் யுவர் ஃபைட்."

கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வழித்துச் சாப்பிட்டார். நெய் தொண்டையில் நின்றதோ என்னவோ, மேலே ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தார்.

அன்றைக்கு நோட்டில் பொங்கலை நான் எழுதவில்லை. பிரசாதம் கணக்கில் வராது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரும் லீவு போட்டு அவரோடு துபாய் போனார். அங்கே தராசில் முந்நூறு கிராம் கூடுதல். இரண்டு மணி நேரம் டைம் கொடுத்தார்கள். ஜூன் மாத வெயில். குப்பை போடும் பிளாஸ்டிக் பையை உடம்பில் மாட்டிக்கொண்டு ஹோட்டல் பார்க்கிங்கில் ஓடி ஓடி வியர்த்து எடையை இறக்கியிருக்கிறார். அடுத்த நாள் ஃபைட்டில் நாலாவது ரவுண்டில் கால் நிற்கவில்லை. ஐந்தாவதில் விழுந்துவிட்டார்.

வீட்டுக்காரர் வந்ததும் பொங்கல் கொடுத்ததைச் சொன்னேன். செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். பிறகு, "சாமி பேரச் சொல்லிக் குடுத்தா அவன் எப்படிட்டி வேண்டாம்பான்?" என்றார்.

ரோலி எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார். லிசாவிடம், ஏஜென்ட்டிடம், குடோன் ஆட்களிடம். "துபாய் ஸ்கேல் மாஃபி குட்." தராசு சரியில்லையாம். ஒரு கண் வீங்கி மூடியிருக்க, சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அடுப்பைப் பார்த்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜப்பான் வரவில்லை. அப்புறம் எந்த ஃபைட்டும் வரவில்லை. இரண்டு வருடம் கார்ட்டன் தூக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீடியோ கால் வரும். "ஆத்தே, வாட் இஸ் யுவர் வெயிட்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். லிசா போனை வாங்கிக்கொள்வாள். இல்லாவிட்டால் நானே "அங்கே மழையா?" என்று கேட்டுவிடுவேன்...

அந்தக் குறுகலான கிச்சனில் அவரோடு இன்னும் ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

லிசாவுக்கு இன்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். ப்ளூ டிக் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

துபாய் தராசு சரியாகத்தான் காட்டியது, ரோலி.

போய் வாங்க, தம்பி.