கரடிக்குப் பயந்து போட்ட தாழ்ப்பாள்

தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் காட்டை ஒட்டிய எங்கள் ஊராட்சி நிதி ஒதுக்கிச் சிறு வீடுகள் கட்டியது. பிள்ளையில்லாத என் பெரியம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். கரடி வருமே என்று கிராம சபையில் எழுந்து, "உள்ளார பெரிய தாழ்ப்பாளாப் போடுங்க" என்று அடம்பிடித்தேன். போட்டார்கள்.

போன மாதம் ஒரு காலையில் கஞ்சியோடு போனேன். கதவு திறக்கவில்லை. "உழுந்துட்டேன் கண்ணு, எந்திரிக்க முடியல" என்று உள்ளே பெரியம்மா முனகினார். நான் கத்திக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் ஓடிவந்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

வலியிலும் பெரியம்மா சிரித்தார்: "கரடி வராம பாத்துக்கிட்ட. உன்னையும் வர உடலியே சாமி!"

இப்போது எல்லா வீடுகளுக்கும் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் சபையில் எழுவதற்கு முன், அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.