பத்தியமில்லாத மாத்திரை

திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் பாண்டுரங்கனின் கையெழுத்து, 1963 ஆடியில் இளைக்கத் தொடங்கியது. முதல் வரி முத்து முத்தாக இருக்கும். ஐந்தாம் வரி கடுகாகிவிடும். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த தடம்தான். அறுபத்து மூன்று வயதில் கை நடுங்கினால் ஊர் மன்னிக்கும். வடக்கெல்லை எது, தெற்கெல்லை எது என்று தெரியாத கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் மன்னிப்பாரா?

"தைக்குள்ள எழுத்து தேறலைன்னா உங்க பத்திரத்தை வாங்க மாட்டேன்" என்றார் அவர்.

முகமும் இறுகிவிட்டது. பாண்டுரங்கன் உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியவில்லை. தலைக்கனம் என்று எண்ணி, பத்திரம் எழுதிக்கொள்ள வந்தவர்கள் பக்கத்து மேஜை தேவசகாயத்திடம் நகர்ந்தார்கள்.

"அண்ணே, இது நடுக்குவாதம். எங்க சித்தப்பாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது. வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார் தேவசகாயம், பாண்டுரங்கனின் மேஜையைக் கண்ணால் அளந்தபடி.

"எடுக்கிற அன்னிக்குச் சொல்லி அனுப்புறேன்டா. அதுவரைக்கும் உன் வேலையப் பாரு."

மறுநாளே மனைவி கெங்கம்மாளோடு விழுப்புரத்துக்கு ரயிலேறினார். டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார்.

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க."

மனதறிந்து சொன்ன பொய் அல்ல அது. அதற்குள் கெங்கம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்தாள். "பன்னெண்டாச்சு, இந்தாங்க மாத்திரை."

"இது என்னம்மா?"

"தலசுத்தலுக்குங்க. போன தையில ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதித் தந்தாரு. நல்லா கேட்டுது. அதான் விடாம வாங்கிக்கினு வர்றோம்."

"மருந்தே இல்லைன்னாரே?"

"இதுக்குப் பத்தியம் சொல்லலீங்களே! கத்திரிக்கா துன்னலாம், கருவாடு துன்னலாம். அப்புறம் எப்படிங்க அது மருந்தாவும்?"

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நடுக்குவாதம் போலவே வேஷம் கட்டும் மாத்திரை அது. வயதானவர்களிடம் அதன் ஆட்டம் அதிகம். "நிறுத்திப் பார்ப்போம். இந்த மாத்திரை கட்டின வேஷம்னா கலையும், ஆனா மாசக்கணக்காகும். கலையலைன்னா நிஜ வியாதி. அதுக்கு வேற வழி பார்க்கலாம்."

"கலைச்சிடறேன்" என்றார் பாண்டுரங்கன், அது என்னவோ தன் உத்தரவுக்குக் காத்திருப்பதுபோல.

தினமும் விடிந்ததும் நான்கு எல்லைகளையும் எழுதிப் பழகினார். கிழக்கே வாய்க்கால், மேற்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. புரட்டாசி முழுவதும் எறும்புதான். கெங்கம்மாள் கருவாட்டை நிறுத்தினாள்: மருந்தை விட்டதற்காவது ஒரு பத்தியம் வேண்டாமா? அவர் தேவசகாயத்தின் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரவழைத்துத் தின்றுவிட்டு எழுதினார்.

கார்த்திகையில் முகம் இளகியது. ஒருநாள் அவர் வாய்விட்டுச் சிரிக்க, தேவசகாயம் அவர் மேஜையை அளப்பதை விட்டார். மார்கழிக் கடைசியில் அவர் எழுதிய பத்திரத்தைச் சார்பதிவாளர் தடங்கலில்லாமல் படித்து, வாங்கி வைத்துக்கொண்டார்.

வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் லேசாக ஆடியது. அதை அடக்க, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்.

"இன்னா சாமி, இம்மாம் பெரிசா எழுதறீங்க? தாள் ரொம்பிடுச்சே!" என்று கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் முனகினார்.

"இன்னொண்ணு வாங்கிக்கினு வாய்யா. மேற்கெல்லை இன்னும் பாக்கி இருக்குது."