நகம் கடித்த சாந்தியும் உம்மு சல்மாவின் வலைப்பூவும்

எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சாந்தி என்று ஒரு குழந்தை இருந்தாள். வயது ஒன்பது. நகம் கடிப்பாள். அப்பா குடிகாரர். பயிற்சி ஆசிரியை அன்பாக நாலு வார்த்தை பேசி, மூன்றே வாரத்தில் அவளைத் திருத்திவிடுவார். 2006ஆம் வருஷம் நாங்கள் நாற்பது பேர், ஆளுக்கொரு சாந்தியைத் திருத்தினோம். எங்களுக்கு முந்தைய செட் அக்காக்களும் இதே சாந்தியைத்தான் திருத்தியிருந்தார்கள். அவர்களிடம் கேஸ் ஸ்டடி ரெக்கார்டு நோட்டைக் கெஞ்சி வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, வரி மாறாமல் காப்பி அடிப்பதுதான் வழக்கம். அப்படியொரு குழந்தை பிறக்கவே இல்லை என்பது எங்கள் பிரின்சிபால் காசிலிங்கம் சாருக்கும் நன்றாகத் தெரியும்.

நான் கிளியனூர் சத்யப்ரியா. நானும் எழுதினேன். இதை ஒப்புக்கொள்ளாமல் உம்மு சல்மாவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சல்மா மரக்காணத்துக்காரி, என் வகுப்புத்தோழி. அவள் அத்தா துபாயில் வேலை பார்த்தார். அண்ணன் ஃபைசல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தினான். முதல் வருஷம் எங்களுக்கு ஒரு ஐந்து மார்க் கேள்வி கொடுத்திருந்தார்கள்: மாணவர் கற்றலில் வலைப்பூ, மின்னணுத் தொகுப்பு ஆகியவற்றின் பயன்கள் யாவை? செய்த வேலையைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கலாம், தவறுகளைத் திரும்பிப் பார்க்கலாம் என்று ஐந்து பாயிண்ட். ஒரு வலைப்பூவைக்கூடக் கண்ணால் பார்க்காமலே அத்தனையையும் நெட்டுருப் போட்டோம். சல்மா மட்டும் என்னைக் கேட்டாள்.

"ஏண்டி, நல்லது நல்லதுன்னு அஞ்சு பாயிண்ட் எழுதறோம். அப்ப செஞ்சுதான் பாத்தா என்ன?"

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் இருவரையும் உப்பளத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சல்மா சனிக்கிழமைதோறும் அண்ணன் கடையில் உட்கார்ந்து, அந்த வாரம் நாள்தோறும் நோட்டில் குறித்ததை அப்படியே தமிழில் டைப் அடித்து வலைப்பூவில் ஏற்றினாள். எங்கள் பாடத்திட்ட நோட்டில் எல்லா நாளும் 'நோக்கம் முழுமையாக நிறைவேறியது' என்றுதான் இருக்கும். அவள் எழுதியது வேறு மாதிரி: 'இன்று என் பின்னப் பாடம் தோற்றது. முப்பது பேரில் நாலு பேருக்குத்தான் புரிந்தது. ரொட்டியைச் சமமாக வெட்டிக் காட்டினேன். இவர்கள் வீட்டில் ரொட்டியைப் பிய்த்துத்தான் தின்கிறார்கள். நாளை உப்புப் பாத்தியைத் தரையில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.' மறுநாள் குறிப்பில் இருபத்தாறு பேருக்குப் புரிந்ததாக எழுதியிருந்தாள். நான் பக்கத்து வகுப்பில்தான் இருந்தேன். இரண்டுமே உண்மை.

அவளுடைய கேஸ் ஸ்டடி, நாலாங்கிளாஸ் இலக்கியா. அப்பா அம்மா விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுவதால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். அவன் அழுதால் எழுந்து போய்விடுவாள். சல்மா வாரம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தோன்றுவதை எழுதச் சொன்னாள். ஸ்கேன் செய்து தேதியோடு வலைப்பூவில் போட்டாள். குழந்தையின் முகமோ ஊரோ அதில் இருக்காது. முதல் வாரத் தாளில் மூன்றே எழுத்து, அதில் ஒன்று தலைகீழ். எட்டாவது வாரம் இப்படி இருந்தது: 'அம்மா காலு உப்புல வெடிச்சிருக்கு. எரியுதுன்னு சொல்லும். நான் தேங்கா எண்ணெ தடவுவேன். தம்பி எண்ணெய நக்கிட்டான்.'

அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஆனாலும் என் நோட்டில் சாந்திக்குத்தான் பார்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் யாரோ இதைப் படித்துவிட்டு, காசிலிங்கம் சாரிடம் உங்கள் மாணவி நன்றாக எழுதுகிறாள் என்று பாராட்டிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. சார் எங்கள் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்தார்.

"ஏம்மா, பாடம் தோத்துப்போச்சுன்னு நீயே ஊருக்கெல்லாம் சொல்லுவியா? நம்ம இன்ஸ்டிட்யூட் பேரு என்னாவறது?"

"தோத்துச்சே சார். மறுநாள் சரியா வந்ததையும் எழுதியிருக்கேனே."

"அதெல்லாம் எனக்கு வேணாம். மொத்தத்தையும் அழிச்சிட்டு, சாந்தி கேஸ் ஸ்டடிய எழுதி எடுத்துனு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா ரெக்கார்டுல கையெழுத்து. இல்லன்னா ப்ராக்டிகல்ல நீ ஃபெயிலு."

"சாந்தி யாரு சார்?"

சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டோம். சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

நானே எழுதித் தருகிறேன் என்று அன்று அவள் வீடுவரை போய்க் கெஞ்சினேன். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கையெழுத்துக்காக ரெண்டு வருஷப் படிப்பத் தொலைக்கிறியே, யா அல்லாஹ்!" ஃபைசல் சமாதானமாகப் பேசினான்.

"பாஸ்வேர்டு குடு சல்மா, இப்ப அழிச்சிடலாம். பரீட்சை முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம். தேதியக்கூட பழசே போட முடியும்."

"நானா குந்திக்கினு போடற தேதிக்கும் அந்த சாந்திக்கும் என்னண்ணா வித்தியாசம்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. செய்முறைத் தேர்வு அன்று, வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்திருந்தார். வரிசையாக நாலு ரெக்கார்டைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாந்தி இப்ப எந்த கிளாஸ் படிக்குதும்மா?"

"அஞ்சாவது மேடம்."

எனக்கு அடுத்து நின்ற தனகோடியிடமும் அதையே கேட்டார். அவள் மூணாவது என்றாள். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ட்ரெயினிங் படிக்கும்போதும் இவ நகம் கடிச்சினுதான் இருந்தா. இன்னும் விடல போல."

சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் மார்க் போட்டார். எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு. எங்களைத் திட்டியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

சல்மா வலைப்பூவை முழுவதும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள். தேர்வாளர் அதை அரைமணி நேரம் படித்தார். டீ ஆறிப்போனது. "ரொம்ப நல்லா இருக்குதும்மா. ஆனா பிரின்சிபால் கையெழுத்து இல்லாம நான் மார்க் போட முடியாது. சார், நீங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன்" என்றார்.

"அழிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இப்பவே போடறேன்." சார் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

சொல்லித் தொலையேண்டி என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. சல்மா ஸ்பைரலை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

ரிசல்ட் வந்தது. எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் பாஸ், செய்முறையில் தேர்ச்சி இல்லை. நான் பார்க்கப் போனபோது அவள் அந்த மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். இலக்கியாவின் தாள்களுக்கு அடுத்ததாக அதையும் ஏற்றி, அன்றைய தேதி போட்டு, ஏன் தோற்றேன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். நாற்பது சாந்திகளையும் எழுதினாள். யார் பெயரும் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து கடைக்கு போன் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். காசிலிங்கம் சார் கத்தியது ரிசீவருக்கு வெளியிலேயே கேட்டது.

"உடனே அத எடுத்துடு! அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு யார்கிட்ட வந்து நிப்ப? என்கிட்டதான வரணும்?"

சல்மா குரலை உயர்த்தவே இல்லை.

"வருவேன் சார். இதே ரெக்கார்ட எடுத்துனுதான் வருவேன். அப்பவும் நீங்க கையெழுத்து போடலன்னா, தேதி போட்டு அதையும் எழுதுவேன்."