கொறக்காய் மாத்திரை

எங்கள் பாடசாலையில் என் உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. இரண்டாவது பிள்ளை பிறந்தபின் வைத்த சதை இறங்கவேயில்லை. தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. பஸ்ஸை விட்டு இறங்கித் தினமும் மேடேறித்தான் போகிறேன். வீட்டுக்காரரும் நானும் சாப்பிடுவது ஒன்றுதான்: காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறு, இரவில் மறுபடியும் ரொட்டி. அவர் மூங்கில் கம்பு மாதிரி இருக்கிறார். எனக்கு மட்டும் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. "ஒடம்புவாசி" என்பார் அவர், கையில் இன்னொரு ரொட்டியோடு. அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம், எங்களோடு படிப்பிக்கும் அக்கா ஒருவர் ஆசிரியர் அறையில் மாத்திரைப் போத்தல்கள் விற்க ஆரம்பித்தார். பச்சைத் தேயிலைச் சாறும் கொறக்காய்ச் சாறும் கலந்ததாம்.

"இதுல இருக்குற சத்து கொழுப்பக் கரைச்சிரும் டீச்சர். பசியே எடுக்காது. எல்லாம் நம்ம ஊரு சாமான்தானே, என்ன செஞ்சிறப் போகுது?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை வாங்க வைத்தது. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். புளிப்புக்குக் கொறக்காய் போடாமல் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்ததில்லை. இந்த இரண்டுக்கும் பயப்படவா? சீக்கிரம் குறைய வேண்டும் என்று வெறும் வயிற்றிலேயே விழுங்கினேன்.

முதலில் பசி குறைந்தது உண்மை. பிறகு குமட்டல் வந்தது. சோற்று வாசமே ஆகவில்லை. வகுப்பில் நின்றால் கால் துவண்டது. மருந்து வேலை செய்கிறது என்றே நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்தபோது வீட்டுக்காரர் என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு மஞ்சளா இருக்கு. பொறப்படு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈரல் கெட்டிருக்கிறது என்று படுக்க வைத்துவிட்டார்கள். டாக்டர் என் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேயிலையும் கொறக்காயும்தானே டாக்டர்? நாங்க தெனம் சாப்பிடுறதுதானே?"

"கோப்பையில குடிக்கிறதும் குழம்புல போடுறதும் வேற, மாத்திரை வேற. அதையே சுண்டவச்சு மாத்திரையாக்கினா சில பேரோட ஈரல் தாங்காது. யாருக்குத் தாங்காதுன்னு முன்னாடியே சொல்லவும் முடியாது."

"அப்ப கொழுப்பு கரையுமா, கரையாதா?"

"கொறஞ்சாலும் கொஞ்சந்தான். நீங்க மாவையும் சீனியையும் கொறைங்க."

மாவைக் குறைத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? மீனும் முட்டையும் தினமும் வாங்க முடிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம். கேட்டால்தான் டாக்டர் என்ன செய்வார்?

மஞ்சள் மெல்ல இறங்கியபின் பாடசாலைக்குப் போனேன். கன்னம் ஒட்டி, சேலை தொளதொளவென்று கிடந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "டீச்சர், சூப்பரா மெலிஞ்சிட்டீங்க!" வாந்தி எடுத்து வற்றிப்போனேன் என்று நான் சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை. அதைவிட மோசம், அந்த அக்கா புதிதாக வந்த டீச்சரிடம் என்னையே காட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்களப் பாருங்க. நம்மகிட்ட வாங்குனதுதான்."

நான் குறுக்கே போய்க் கேட்டேன். "அக்கா, நான் ஆஸ்பத்திரியில கெடந்ததச் சொன்னீங்களா?"

"உங்களுக்கு ஒத்துக்கல டீச்சர். நானும்தான் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் புதிய டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, கண் மஞ்சளானதையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எத்தன கிலோ கொறஞ்சீங்க?" என்றாள். போத்தல் அவள் கைப்பைக்குள் போனது.

ஈரல் தேறிவிட்டது என்று பிறகு கிளினிக்கில் சொன்னார்கள். சாப்பாடு பிடிக்க ஆரம்பித்ததும் சதையும் திரும்பிவிட்டது. மாத்திரையை நிறுத்தியதால்தான் நான் மறுபடி ஊதிவிட்டேன் என்று அக்கா இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறாராம்.