நாலு நாற்பது பஸ்ஸில் ஓர் அறிவியல் வகுப்பு

2003ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. கீழப்பழுவூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாவட்டத்தை எப்படியாவது மேலே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு மேல் உத்தரவு வந்துகொண்டிருந்தது. மாலை ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு, தினம் ஒரு சிறு தேர்வு, அதற்கொரு பதிவேடு. பள்ளிக்கூடமே காய்ச்சல் கண்டதுபோல் கொதித்தது. எனக்கும் அந்தச் சூடு ஏறியிருந்தது.

நாலரை மணி அடித்ததும் ஐந்து பெண்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள், நாலு நாற்பது டவுன் பஸ்ஸைப் பிடிக்க. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு பதிவேட்டில் ஐந்து பேருக்கும் நேராகச் சிவப்பு மையில் 'ஆர்வமில்லை' என்று எழுதினேன். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்பதும் உத்தரவு. ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன், கோபத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு.

ஐந்து நிமிடம் போயிருக்காது. குறுக்கே ஆட்டுக்கூட்டம். டிரைவர் பிரேக்கை மிதிக்க, மொத்த பஸ்ஸும் முன்னால் சரிந்தது. கருவாட்டுக் கூடைக்கார அம்மா என் மடியில் வந்து உட்கார்ந்தார். ஐவரில் உயரமானவள், அறிவியலில் அதுவரை ஒரு தேர்வில்கூடத் தேறாதவள், பக்கத்துப் பெண்ணின் காதில் மெல்லச் சொன்னாள். "பாத்தியா, இதான்டி நிலைமம்."

எனக்குச் சுரீர் என்றது.

கடைசி நிறுத்தத்தில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேன். தலைத்துண்டை அவிழ்த்தபடி பணிவாகத்தான் பேசினார். "அடுத்த பஸ்ஸு ஏழரைக்குங்க டீச்சர். எறங்கி முந்திரிக்காட்டுல ஒரு மைலு நடக்கணும். உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா வுடுவீங்களா?" பிறகு குரலை இறக்கினார். "பாஸாயிட்டா படிக்கட்டும். போச்சுன்னா திருப்பூரு மில்லுக்கு அனுப்புறதா ஏஜெண்டுகிட்ட சொல்லிட்டேன்." அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டரிடம் புலம்பினேன். "நாப்பது நிமிஷம் வண்டி சும்மாதானே ஓடுது. இதுலயே நடத்துங்க. பின் சீட்ட நான் புடிச்சித் தரேன்" என்றார் அவர்.

மறுநாளே தொடங்கிவிட்டோம். குலுங்குகிற பஸ்ஸில் எழுத முடியாது, வாயால்தான் எல்லாம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பாடம். ரேஷன் கடைக்குச் சலவைத்தூள், பாலத்துக்கு ஓம் விதி, குவாரிக்கு சிமெண்ட் தயாரிப்பு, புளியமரத்துக்குச் சிறுநீரகத்தின் நெஃப்ரான். அந்த நிறுத்தம் வருவதற்குள் விடையைச் சொல்லி முடித்தாக வேண்டும். முதல் நாள் "மீன் மார்க்கெட்டா இது?" என்று அதட்டிய கருவாட்டு அம்மா, ஒரே வாரத்தில் "நேத்து சிறுநீரகத்துல நிறுத்துனியே, பொறவு என்னாச்சு?" என்று கேட்டார். கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர்களையே மறந்துபோனார். "சலவைத்தூள்லாம் எறங்கு. ஓம் விதி முன்னாடி வா." யாராவது விடையில் தடுக்கினால் டிரைவர் வண்டியை மெதுவாக உருட்டுவார். வெளியே பருத்தி வெடித்து வெள்ளை வெள்ளையாய்ச் சிரித்தது. உள்ளே ஐந்து குரல்கள் எஞ்சினை முந்தப் பார்த்தன. பாடம் நடத்துகிறேனா, பறக்கிறேனா என்று எனக்கே தெரியாத நாட்கள்.

"வகுப்பு நடந்த இடம்ங்கிற கட்டத்துல என்னம்மா எழுதுவே?" என்று தலைமையாசிரியர் கேட்டார். 'பஸ்' என்று எழுதி நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அறிவியல் தேர்வன்று தேர்வு மையத்தின் வாசலிலேயே நின்றேன். உயரமானவள் கடைசியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "கண்ண மூடிக்கிட்டு எல்லா ஸ்டாப்பும் போனேன் டீச்சர். புளியமரத்துல மட்டும் பஸ்ஸு நிக்கல."

நெஃப்ரான், ஐந்து மார்க் கேள்வி. அவள் இருந்த நிலையில் ஐந்து மார்க் என்பது திருப்பூருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர். அந்தக் கோடை முழுக்க அந்தப் புளியமரம் என் கண்முன்னே நின்றது.

முடிவு வந்த காலை பள்ளி வாசலில் காத்திருந்தேன். எனக்கு இன்னும் பேப்பர் கிடைக்கவில்லை. தூரத்திலேயே நம் பஸ்ஸின் ஹாரன், விடாமல். படியில் தொங்கியபடி கண்டக்டர் பேப்பரை ஆட்டினார். "அஞ்சு நம்பரும் இருக்கு டீச்சர்." நிறுத்தமே இல்லாத இடத்தில், பள்ளி வாசலில், வண்டி நின்றது. உயரமானவள் குதித்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புளியமரத்துல நிக்காமயே ஊரு வந்து சேந்துட்டேன் டீச்சர்" என்றாள். ஜன்னலில் கருவாட்டு அம்மாவின் தலை. "அப்ப நானும் பாஸுதானே?"

அன்று பதிவேட்டை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். எத்தனை கோடு போட்டாலும் அடியில் சிவப்பு தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி அப்படி எழுதப் பேனா எழும்போதெல்லாம், அவள் வீட்டுக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.